வெங்காயத்தையும் உள்ளியையும் பாழாக்கும் வழிகள்

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் விலை இறங்கிவிட்டது என்று ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை அள்ளிக்கொண்டு வருவோம். சொப்பிங் பையோடு குசினி மூலையில் வைப்போம். பத்து நாள் கழித்துப் பையைத் தூக்கினால் அடியில் தண்ணீர், நாற்றம், கறுப்புப் பூஞ்சணம். உடனே வியாபாரிக்குத் திட்டு விழும். பாவம், பாதி நேரம் பிழை எங்களுடையதுதான்.

வெங்காயம் அரிசி பருப்புப் போன்ற சாமான் இல்லை. ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்காக இருப்பவை சதைப்பிடித்த இலைகள். அடியில் தட்டையாக இருப்பதுதான் தண்டு. நட்டநடுவில் இளம்பச்சையாக ஒரு குருத்து தெரியும். செடி முழுவதும் உள்ளே உறங்குகிறது. உறக்கத்திலும் மூச்சு விடுகிறது, ஈரம் விடுகிறது. அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பையைக் கட்டி வைத்தால் அழுகாமல் என்ன செய்யும்?

அம்மம்மாவின் அடுப்படியில் வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி, புகை படும் இடத்தில் தொங்கும். சூடு, காற்று, உலர்வு மூன்றும் அங்கே கிடைத்தன. இப்போது எரிவாயு அடுப்பு, புகை இல்லை. சரி, கடகத்திலோ வலைப்பையிலோ பரப்பிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே போதும். ஃபிரிட்ஜில் முழு வெங்காயத்தை வைக்க வேண்டாம். 25 முதல் 30 பாகை வெப்பத்தில் அது நன்றாக உறங்கும். ஏறக்குறைய 5 முதல் 15 பாகைக்குள் விழித்துக்கொண்டு முளைவிடும். ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டு குளிரும் ஈரமுமாக அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உரித்ததும் வெட்டியதும் வேறு கதை, அவை மூடிய பாத்திரத்தில் உள்ளே போகலாம். உருளைக்கிழங்கோடு ஒரே பெட்டியில் போடுவதும் கூடாது. கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும்.

தோட்டத்திலும் இந்த உறக்கத்தை மறப்பதால்தான் பல தவறுகள். பிடுங்கிய கையோடு விதை வெங்காயமாக ஊன்றினால் முளைப்பு ஒரு சீராக வராது; இரண்டு மூன்று மாதமாவது தொங்கவிட்டு ஆறவிட வேண்டும். பிடுங்கும் நாள்வரை தண்ணீர் இறைப்பதும் பிழை. தாள் சாய்ந்து மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தினால் கழுத்து காய்ந்து மூடிக்கொள்ளும். பெருவிரலால் கழுத்தை அமுக்கிப் பாருங்கள். மெதுமெதுவென்று இருந்தால் அந்த வெங்காயம் நாள்பட நிற்காது, முதலில் அதைச் சமைத்து முடியுங்கள்.

யூரியாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கடைசி நேரத்தில் யூரியா போட்டால் தாள் கொழுக்கும், கழுத்து தடிக்கும், காய் சேமிப்பில் அழுகும். அதோடு முடிவதில்லை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பயிர் எடுக்காத பசளை நைத்திரேற்றாக இறங்கிக் கிணற்றில் கலக்கும். வெங்காயத்துக்குப் போட்டது குடிதண்ணீரில் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்து ஒன்று. லண்டனிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், பலூன் போன்ற வெங்காயப் படம் போட்ட விதைப் பைக்கற்றைத் தந்தார். ஆசையாக நாற்றுப் போட்டோம், நட்டோம், இறைத்தோம். தாள் மட்டும் முழங்கால் உயரம் வந்தது. கீழே விரல் தடிப்பில் ஒன்றுமே இல்லை. அந்த இனங்கள் கோடையில் 14 முதல் 16 மணி நேரம் பகல் நீண்டால்தான் காய் கட்டும். யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்திலும் பகல் 12¾ மணி நேரத்தைத் தாண்டாது. அதற்குக் காய் கட்டும் காலம் வந்ததென்றே தெரியாமல் போய்விட்டது. அண்ணை கேட்டபோது "நல்லா வந்தது" என்றுதான் சொன்னோம். தாளைச் சுண்டிச் சாப்பிட்டது உண்மைதானே.

உள்ளியும், அதாவது வெள்ளைப்பூண்டும், அப்படித்தான். அதற்கு வேண்டியது குளிர். கடை உள்ளிப் பல்லை ஊன்றினால் இங்கே தாள் வரும். நல்ல பூடு எதிர்பார்க்காதீர்கள்.

யூடியூப் பார்த்துச் சமைப்பவர்களுக்கு ஒரு சொல்: மலையாளக்காரர் உள்ளி என்றால் அது வெங்காயம். எங்கள் உள்ளிக்கு அவர்கள் சொல்வது வெளுத்துள்ளி. கால் கிலோ உள்ளியை உரித்த பிறகு அழுது பயனில்லை.

முழு உள்ளியை முகர்ந்து பாருங்கள், மணம் குறைவு. நசித்த பிறகுதான், பிரிந்திருந்த இரண்டு பொருட்கள் கலந்து அந்தக் காரமான மணம் உருவாகிறது. நசித்த உடனே சூட்டில் போட்டால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அம்மியில் தட்டிப் பத்து நிமிடம் விட்டு ரசத்தில் போடுங்கள். தாளிக்கும்போது முதலில் வெங்காயம், அது வதங்கிய பின் உள்ளி. முந்தினால் கருகிக் கசக்கும். வெங்காயம் கண்ணைக் கரிப்பதும் வெட்டும்போது எழும் ஆவியால்தான். மொட்டைக் கத்தி வெட்டுவதற்குப் பதில் நசிக்கும், ஆவியும் கூடும். கத்தியைத் தீட்டுங்கள்.

ஊறுகாயில் உள்ளி பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், புளிப்போடு சேர்ந்து வரும் நிறம் அது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது. எண்ணெய்க்குள் காற்று இல்லை. பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அது வசதியான இடம். நிறமோ மணமோ மாறாமலே நஞ்சேறியிருக்கலாம். செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடியுங்கள், மிஞ்சினால் கொட்டுங்கள்.

கொட்டும்போதும் நாய்க்கு வைக்க வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாய், பூனைகளின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மீன் குழம்புச் சோற்றை வாசல் நாய்க்கு வைப்பவர்கள், வெங்காயம் போடாத வெறும் மீனாக எடுத்து வையுங்கள்.