வீட்டுப் படங்களும் ஆவணங்களும் தொலையாமலிருக்க: டெர்மினலில் பேக்கப் எடுக்கும் முறை

மொரீஷியசில் பல தமிழ்க் குடும்பங்களின் நினைவுகள் ஒரே ஒரு மடிக்கணினிக்குள் இருக்கின்றன. காவடிப் படங்கள், தமிழ் வகுப்புப் பாடங்கள், கோவில் சங்கத்து உறுப்பினர் பட்டியல் எல்லாம் அதில்தான். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடி வாங்கி ஸ்கேன் செய்து வைத்த கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றப் பதிவும் அதிலேயே கிடக்கும். நமக்குப் புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீள்கிறது. தைப்பூசம் அதற்கு நட்டநடுவில் வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த வருடத் தைப்பூசம் ஜனவரி 25, அதாவது சரியாகப் பத்தே நாள் கழித்து. வருடத்தின் முக்கியமான படங்களை எடுக்கும் காலமும் கணினிக்கு ஆபத்து அதிகமான காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"எல்லாம் இணையத்தில் தானாகவே ஏறிவிடுகிறதே" என்று பலர் சொல்கிறார்கள். அது ஒத்திசைவு, பேக்கப் ஆகாது. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். இங்கே கெட்டுப்போனால் கெட்டுப்போன பிரதிதான் அங்கே போய்ச் சேரும். போன வாரம் எப்படி இருந்தது, போன மாதம் எப்படி இருந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிய வேண்டும். பேக்கப் என்றால் அதுதான்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள். அலெக்சாண்டர் நொய்மான் என்பவர் தொடங்கியது. அதற்குச் சன்னலும் பொத்தானும் கிடையாது, டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரையில், கட்டளை தட்டித்தான் பயன்படுத்த வேண்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொத்தான்கள் ஒவ்வொரு பதிப்பிலும் இடம் மாறும், கட்டளைச் சொற்கள் அப்படி மாறுவதில்லை. பக்கத்துத் தீவான ரெயூனியனில் இருக்கும் தம்பிக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

உபுண்டு லினக்ஸ் உள்ள கணினியை வைத்து விளக்குகிறேன். விண்டோசுக்கும் மேக்குக்கும் ரெஸ்டிக் உண்டு. நிறுவும் முறை வேறு, மற்றக் கட்டளைகள் இவையேதான்.

தட்டும் முன்

கட்டளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். புதிய சொல் வரும்போது அதன் எழுத்துகளைக் கீழே தருவேன். தமிழில் சொல்லும்போது இரண்டு எழுத்துச் சோடிகள் குழம்பும், ஆகவே நம்மூர்ப் பெயர்களை வைத்துப் பிரித்துக்கொள்வோம். போர்ட் லூயிசின் முதலெழுத்து போர்ட்-பி. போ பாசனின் முதலெழுத்து பாசன்-பி. டாமரினின் முதலெழுத்து டாமரின்-டி. டோடோ பறவையின் முதலெழுத்து டோடோ-டி.

பிரெஞ்சு விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நமக்கு அடிக்கடி தேவைப்படும் சிறு கோடு, அதில் 6 என்று எழுதிய விசையில் இருக்கிறது. ஷிஃப்ட் வேண்டாம், அப்படியே அழுத்தினால் கோடு வரும். எண்களுக்குத்தான் ஷிஃப்ட் வேண்டும்.

கன்ட்ரோல், ஆல்ட், டி (டாமரின்-டி) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். இப்படித் தட்டுங்கள்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ரெஸ்டிக்

சூடோ: எஸ், யூ, டோடோ-டி, ஓ.
ஏப்ட்: ஏ, போர்ட்-பி, டாமரின்-டி.
இன்ஸ்டால்: ஐ, என், எஸ், டாமரின்-டி, ஏ, எல், எல்.
ரெஸ்டிக்: ஆர், ஈ, எஸ், டாமரின்-டி, ஐ, சி.

சொற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி, கடைசியில் என்டர். கணினியின் கடவுச்சொல்லைக் கேட்கும். நீங்கள் தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று நினைக்காதீர்கள், டெர்மினலின் வழக்கமே அது. தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

பெட்டியை உருவாக்குதல்

வெளி வன்தட்டு ஒன்றைச் செருகுங்கள். கோப்பு மேலாளரில் அதைத் திறந்து, உள்ளே ஒரு புதிய காலிக் கோப்புறை உருவாக்கி, உங்களுக்குப் பிடித்த பெயரை ஒரே சொல்லாக வையுங்கள். இனி அதைப் பெட்டி என்றே சொல்கிறேன். இப்போது டெர்மினலில்:

ரெஸ்டிக் -ஆர் பெட்டி இனிட்

முதலில் ரெஸ்டிக், இடைவெளி, அப்புறம் கோடும் ஆர் எழுத்தும் ஒட்டியபடி, மறுபடி இடைவெளி. பெட்டி என்று எழுதியிருக்கும் இடத்தில் எதையும் தட்ட வேண்டாம். கோப்பு மேலாளரிலிருந்து அந்தக் கோப்புறையை மவுசால் இழுத்து வந்து டெர்மினல் மேல் விடுங்கள். அதன் முழு முகவரி தானாக வந்து விழும். சுற்றி மேற்கோள் குறி இருந்தால் அதை அழிக்காதீர்கள். கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இனிட்: ஐ, என், ஐ, டாமரின்-டி.

இந்த இழுத்துவிடும் வழி தெரிந்துவிட்டால் டெர்மினல் மேலிருக்கும் பயத்தில் பாதி போய்விடும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் முகவரியைத் தட்டும்போதுதான்.

என்டர் அழுத்தியதும் பெட்டிக்கு ஒரு புதிய கடவுச்சொல் கேட்கும், இரண்டு முறை. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பெட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் ரெஸ்டிக் மறையாக்கம் செய்துதான் வைக்கிறது. வன்தட்டைத் திருடுபவர் உள்ளே எதையும் பார்க்க முடியாது. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால் உங்களாலும் திறக்க முடியாது. மீட்டுத்தர உலகத்தில் யாரும் இல்லை. ஆகவே அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பிரெஞ்சு விசைப்பலகையும் ஆங்கில விசைப்பலகையும் கலந்து புழங்குகின்றன. இரண்டிலும் ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம் ஆகியவை வெவ்வேறு இடத்தில் உள்ளன. கடவுச்சொல் திரையில் தெரியாததால், கணினி தவறான அமைப்பில் இருந்தால் நீங்கள் நினைத்தது ஒன்று, பதிவானது இன்னொன்று என்றாகிவிடும். திரையின் மேல் மூலையில் எந்த மொழி அமைப்பு என்று காட்டும், முதலில் அதைப் பாருங்கள். டெர்மினலிலேயே கடவுச்சொல்லை ஒருமுறை சும்மா தட்டி, சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, என்டர் அழுத்தாமல் அழித்துவிடுங்கள். அதற்கப்புறம் இனிட் கட்டளையைக் கொடுங்கள்.

முதல் பேக்கப்

ரெஸ்டிக் -ஆர் பெட்டி பேக்கப் படங்கள்

பேக்கப்: பாசன்-பி, ஏ, சி, கே, யூ, போர்ட்-பி. "படங்கள்" என்ற இடத்தில் நீங்கள் காப்பாற்ற விரும்பும் கோப்புறையை இழுத்து விடுங்கள். இரண்டு மூன்று இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் இடைவெளி விட்டு எல்லாவற்றையும் விடலாம். முதல் தடவை நேரம் எடுக்கும். பல வருடக் காவடிப் படங்கள் என்றால் இரவு தொடங்கிவிட்டுத் தூங்கப் போகலாம்.

அடுத்த தடவையிலிருந்து விரைவாக முடியும். ரெஸ்டிக் கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே பெட்டியில் உள்ள துண்டை மறுபடி எழுதாமல் புதிய துண்டுகளை மட்டும் சேர்க்கிறது. அதனால் தினம் ஒரு பேக்கப் எடுத்தாலும் வன்தட்டு நிரம்பி வழியாது. ஆனாலும் ஒவ்வொரு பேக்கப்பும் அந்த நாளின் முழுப் படமாகவே நிற்கும். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க:

ரெஸ்டிக் -ஆர் பெட்டி ஸ்னாப்ஷாட்ஸ்

எஸ், என், ஏ, போர்ட்-பி, எஸ், எச், ஓ, டாமரின்-டி, எஸ். தேதியோடு பட்டியல் வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எட்டு எழுத்தில் ஒரு அடையாளம் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் முழுக் கட்டளையையும் தட்ட வேண்டியதில்லை. மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால் முந்தைய கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

மீட்டுப் பார்த்தல்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பேக்கப் எடுக்கிற பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதே!

கணினியில் ஒரு காலிக் கோப்புறை உருவாக்குங்கள். பிறகு:

ரெஸ்டிக் -ஆர் பெட்டி ரெஸ்டோர் லேட்டஸ்ட் --டார்கெட் காலிக்கோப்புறை

ரெஸ்டோர்: ஆர், ஈ, எஸ், டாமரின்-டி, ஓ, ஆர், ஈ.
லேட்டஸ்ட்: எல், ஏ, டாமரின்-டி, ஈ, எஸ், டாமரின்-டி.
டார்கெட்: முன்னால் இரண்டு கோடுகள், பின் டாமரின்-டி, ஏ, ஆர், ஜி, ஈ, டாமரின்-டி.

கடைசியில் காலிக் கோப்புறையை இழுத்து விடுங்கள். முடிந்ததும் அதைத் திறந்தால் படங்கள் உடனே கண்ணில் படாது. பழைய முகவரி முழுவதையும் ரெஸ்டிக் அப்படியே திரும்பக் கட்டுவதால், கோப்புறைக்குள் கோப்புறையாக நான்கைந்து அடுக்கு உள்ளே போக வேண்டியிருக்கும். காணோமே என்று பதற வேண்டாம். மிகப் பழைய படம் ஒன்று, நேற்று எடுத்த படம் ஒன்று, ஸ்கேன் செய்த ஆவணம் ஒன்று, இந்த மூன்றையாவது திறந்து பாருங்கள்.

இதையே இன்னொரு கணினியில் செய்வது இன்னும் முக்கியம். புயலில் போகப்போவது உங்கள் மடிக்கணினிதான் என்றால், சோதனையும் அது இல்லாமல்தானே நடக்க வேண்டும்? வன்தட்டையும் கடவுச்சொல் தாளையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். அங்கே ரெஸ்டிக் நிறுவி, தாளைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் தட்டி, ஒரு படத்தையாவது திறந்து காட்டுங்கள். தாளில் எழுதியது சரியா, விசைப்பலகை அமைப்பு ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் காணாமல் போயிருந்தால் எல்லாவற்றையும் மீட்க வேண்டியதில்லை. ரெஸ்டிக் -ஆர் பெட்டி என்பதற்குப் பின் ஃபைண்ட் (எஃப், ஐ, என், டோடோ-டி) என்று கொடுத்துக் கோப்பின் பெயரைத் தட்டினால் எந்தெந்த ஸ்னாப்ஷாட்டில் அது இருக்கிறது என்று சொல்லும். பிறகு ரெஸ்டோர் கட்டளையில் லேட்டஸ்ட் என்பதற்குப் பதில் அந்த எட்டெழுத்து அடையாளத்தைக் கொடுத்து, இறுதியில் --இன்க்ளூட் என்று சேர்த்துக் கோப்பின் பெயரைத் தட்டுங்கள். இரண்டு கோடுகள், ஐ, என், சி, எல், யூ, டோடோ-டி, ஈ.

இரண்டாவது வன்தட்டு

ஒரு வன்தட்டு போதாது. மடிக்கணினியும் வன்தட்டும் ஒரே அலமாரியில் இருந்தால், தண்ணீர் வரும்போது இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பினார். நமக்கு அந்த மூன்றில் மிக முக்கியமானது கடைசிதான். போர்ட் லூயிசில் இருப்பவர்கள் இரண்டாவது வன்தட்டைக் கியூர்பிப் பக்கம், மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அதற்கும் தனியாக இனிட் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

தானாக ஓடும்படி அமைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் அதற்கு வன்தட்டு எப்போதும் செருகியே இருக்க வேண்டும். மின்னல், மின்னழுத்த ஏற்றம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் எல்லாம் செருகியிருக்கும் வன்தட்டையும் விடாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஞாயிறு மாலை கையால் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. முதலாம் புயல் எச்சரிக்கை வந்தால் அன்று கிழமை பார்க்காமல் ஒன்று எடுத்துவிடுங்கள். முடிந்ததும் கோப்பு மேலாளரில் வன்தட்டை வெளியேற்றிவிட்டு, அப்புறம் கழற்றி, தண்ணீர் புகாத பையில் வையுங்கள்.

பெட்டியைப் பராமரிக்க

மாதம் ஒருமுறை:

ரெஸ்டிக் -ஆர் பெட்டி செக்

சி, எச், ஈ, சி, கே. பெட்டியின் கட்டமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். வருடம் ஒருமுறையாவது இதனுடன் --ரீட்-டேட்டா என்று சேருங்கள்: இரண்டு கோடுகள், ஆர், ஈ, ஏ, டோடோ-டி, ஒரு கோடு, டோடோ-டி, ஏ, டாமரின்-டி, ஏ. ஒவ்வொரு துண்டையும் படித்தே பார்ப்பதால் நேரமாகும். நம் ஊர் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடக்கும் வன்தட்டுக்கு இந்தச் சோதனை அவசியம்.

பழைய ஸ்னாப்ஷாட்களைக் குறைக்க ஃபர்கெட் (எஃப், ஓ, ஆர், ஜி, ஈ, டாமரின்-டி) என்ற கட்டளை உண்டு. இடம் நெருக்கடி வரும்வரை அதைத் தொடவே வேண்டாம் என்பேன். அழிக்கிற கட்டளை அது. தேவைப்படும் நாளில், எதை அழிக்கப்போகிறது என்று முதலில் சொல்ல மட்டும் வைக்கும் --ட்ரை-ரன் (இரண்டு கோடுகள், டோடோ-டி, ஆர், ஒய், ஒரு கோடு, ஆர், யூ, என்) என்ற சேர்க்கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மறுபடி தொடங்கும்போது பெட்டி பூட்டியிருக்கிறது என்று சில நேரம் சொல்லும். வேறெங்கும் ரெஸ்டிக் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு இதைக் கொடுங்கள்:

ரெஸ்டிக் -ஆர் பெட்டி அன்லாக்

யூ, என், எல், ஓ, சி, கே. பிறகு அதே பேக்கப் கட்டளையை மறுபடி கொடுங்கள். முழுமையாகப் போய்ச் சேர்ந்த துண்டுகள் வீணாகாது, மிச்சத்தை மட்டும் எழுதும். முடிந்தபின் ஒரு செக். பெட்டியையே காணவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் வன்தட்டு சரியாகச் செருகப்படவில்லை. கடவுச்சொல் தவறு என்றால் முதலில் விசைப்பலகை அமைப்பைப் பாருங்கள்.