கேஸ் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியைச் சாய்த்தும் கவிழ்த்தும் சுடும் முறை

கேஸ் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி என்பது கேஸின் அழுத்தத்தால் சிறு பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கி. அதில் நேராக நின்று, கையை நீட்டி, எதிரே உள்ள இலக்கைச் சுடப் பழகியவர்கள் அடுத்ததாக மாடியிலிருந்து கீழ்நோக்கியும், மல்லாந்து படுத்தபடியும், துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்தும் சுட்டுப் பார்க்க விரும்புகிறார்கள். இதற்குத் தனித் திறமை வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியைச் சாய்த்தவுடன் மேகசினுக்குள் (குண்டையும் கேஸையும் அடைத்துப் பிடிக்குள் செருகும் பெட்டி) இருக்கும் திரவம் இடம் மாறுகிறது, குண்டு வளையும் திசையும் மாறுகிறது. இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் சுடுவதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கி என்பது 4.5 மில்லிமீட்டர் குழலையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாதது. ஏர்சாஃப்ட் குண்டு 6 மில்லிமீட்டர் என்பதால், வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பார்ப்பதற்கு அசல் துப்பாக்கி போலவே இருக்கும் இப்பொருளைப் பைக்குள் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் படி: இடமும் தடுப்பும்

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் டெல்டாவில் வெற்று வயலுக்குக் குறைவில்லை. ஆயினும் வயல் காலியாக இருப்பதாலேயே அது பாதுகாப்பான இடமாகிவிடாது. நூறு மீட்டர் தள்ளி வரப்பில் ஒருவர் புல் அறுத்துக்கொண்டிருக்கலாம். நீர் நிற்கும் வயலையோ வாய்க்காலையோ நோக்கித் தாழ்ந்த கோணத்தில் சுடக் கூடாது, ஏனெனில் தட்டையாக வந்து படும் குண்டு நீர்ப்பரப்பில் எகிறி மேலெழும். செங்கல் சுவரும் அப்படியே திருப்பி அடிக்கும்.

நல்ல தடுப்பு, கயிற்றில் தளர்வாகத் தொங்கவிட்ட இரட்டைச் சணல் சாக்கு. குண்டு பட்டவுடன் சாக்கு பின்வாங்கி அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும், குண்டு அடியில் விழும். கீழே, களத்தில் நெல் காயவைக்கும் தார்ப்பாயை விரித்துவிடுங்கள். அறுவடைக்குப் பின் தாள் வயல்களில் வாத்துகளை மேய விடுவது நம் வழக்கம், அவை சிதறிய நெல்லோடு வெள்ளைக் குண்டுகளையும் விழுங்கிவிடும். மட்கக்கூடியது என்று விற்கப்படும் குண்டும் மண்ணில் எளிதில் மட்குவதில்லை. ஆகவே பொறுக்கி எடுக்கும் வேலை நம்முடையதுதான்.

இரண்டாம் படி: கண்

0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 1 ஜூல். தோலில் பட்டால் தடிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. ஏஎன்எஸ்ஐ இசட்87.1 அல்லது ஈஎன் 166 தர முத்திரை உள்ள, பக்கங்களும் மூடிய கண்ணாடியை அணிய வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது ஆவி படிந்து மங்கும். அப்போது துப்பாக்கியைச் சேஃப்டியில் (விசையைப் பூட்டும் பொத்தான்) போட்டுக் கீழே வைத்து, சுடும் எல்லையை விட்டு வெளியே வந்த பிறகே கழற்றித் துடைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூடும் பிள்ளைகளுக்கும் கண்ணாடி வேண்டும், இல்லையேல் அவர்களை அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாம் படி: கேஸ் நிரப்புதல்

சாய்த்துச் சுடுவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இந்தத் துப்பாக்கியில் நிரப்பும் கிரீன் கேஸ் என்பது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் கலந்த புரொப்பேன். மேகசினுக்குள் அது அடியில் திரவமாகவும் மேலே ஆவியாகவும் இருக்கும். குண்டைத் தள்ள வேண்டியது ஆவி மட்டுமே. பெரும்பாலான மாதிரிகளில் வால்வு மேகசினின் மேற்பகுதியில், பின்பக்கமாக அமைந்திருப்பதால், துப்பாக்கி நேராக இருக்கும்போது ஆவிதான் வெளியேறும். கவிழ்த்துப் பிடித்தால் திரவம் வால்வுக்குள் இறங்கும். அப்போது வெண்புகை சீறும், சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு பாதியில் நிற்கும், உலோகம் விரலை உறைய வைக்கும் அளவுக்குக் குளிரும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சுருங்கிக் கசியத் தொடங்கும். சமையலறைச் சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அந்தப் புகை தீப்பற்றக்கூடியது என்பதால் பீடி, சிகரெட், எரியும் அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வைக்கோற்போருக்குப் பக்கத்தில் இந்த விளையாட்டே வேண்டாம்.

எனவே சாய்த்துச் சுடும் நாளில் மேகசினைப் பாதிக்கும் குறைவாகவே நிரப்புங்கள். மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடியில் உள்ள துளையில் கேனைக் கவிழ்த்துச் செங்குத்தாக வைத்து, ஓரிரு வினாடிகள் மட்டும் அழுத்தினால் போதும். பிறகு சில நிமிடம் வைத்திருந்து, குளிர் நீங்கியபின் சுடலாம். முழுக்க நிரப்பிய மேகசின் வெயிலில் சூடேறினால் திரவம் விரிவதற்கு உள்ளே இடம் இருக்காது, அது ஆபத்து.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புரொப்பேனின் அழுத்தம் 20 டிகிரியில் ஏறத்தாழ 8 பார் (அழுத்தத்தின் அலகு), 40 டிகிரியில் 13 பாரைத் தாண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் தஞ்சாவூர் வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் மேகசினை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். சில துப்பாக்கிகளில் கிரீன் கேஸுக்குப் பதிலாகப் போடும் கார்பன் டை ஆக்சைடு குப்பியின் நிலை இன்னும் கடுமையானது. 31 டிகிரிக்கு மேல் அதற்குள் திரவம் என்றும் ஆவி என்றும் பிரிவே இருக்காது. சாய்ப்பதால் வரும் தொல்லை அப்போது குறையும் என்பது உண்மைதான், ஆனால் அழுத்தம் 70 பாரைக் கடந்து ஏறும். கோடையில் அந்த வகையை எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

நான்காம் படி: கோணங்கள்

கீழ்நோக்கிச் சுடுவதே எளிது. குழல் கீழே பார்க்கும்போது மேகசினின் பின்பக்கம் மேலே வருவதால் வால்வு ஆவிப் பகுதியிலேயே இருக்கும். குண்டைப் பிடித்துச் சுழலவிடும் ஹாப்-அப் ரப்பர் தேய்ந்திருந்தால் மட்டும், குழலின் பின்முனையில் உள்ள அறையில் ஏறிய குண்டு தானாக உருண்டு வெளியே விழும்.

மேல்நோக்கிச் சுடுவது இதற்கு நேர்மாறு. திரவம் பின்பக்கச் சுவரில் தேங்கி வால்வை நெருங்கும், எனவே குறைவாக நிரப்புவது இங்கே கட்டாயம். செங்குத்தாக வானத்தை நோக்கிச் சுடாதீர்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 16 மீட்டர் வேகத்தில் திரும்பி விழும். அது பெரிய காயம் செய்யாது, ஆனால் அண்ணாந்து பார்க்கும் கண் என்றால் வேறு கதை.

பக்கவாட்டில் சாய்க்கும்போது ஹாப்-அப்பைக் கவனிக்க வேண்டும். குழலின் மேற்புறத்தில் உள்ள ரப்பர் மேடு குண்டைப் பின்னோக்கிச் சுழலவிடுவதால்தான் அது மிதந்து நெடுந்தூரம் செல்கிறது. துப்பாக்கியின் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே குண்டும் வளையும். வலப்பக்கம் படுக்க வைத்தால் வலமாகவும், கவிழ்த்தால் தரையை நோக்கியும் போகும். ஆகவே சாய்த்துச் சுடும்போது சாக்கின் அகலத்தைக் கூட்டுங்கள், தொலைவை ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஹாப்-அப்பை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். ஆடிக் காற்று வீசும்போது இதையெல்லாம் பழகுவது வீண்.

கவிழ்த்துச் சுடுவதாக இருந்தால் ஒரு குண்டு, பிறகு துப்பாக்கியை நிமிர்த்தி ஒரு இடைவெளி என்று மட்டுமே சுடுங்கள். மல்லாந்து படுத்தோ உடலை முறுக்கியோ சுடும்போது குழல் உங்கள் முழங்காலையோ பாதத்தையோ கடக்கிறதா என்று முதலில் காலி மேகசினோடு ஒத்திகை பாருங்கள். ஸ்லைடு பின்னால் வந்து அடிக்கும் என்பதால் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழ இடைவெளியாவது வேண்டும். இலக்கின் மீது பார்வை நிலைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதி மீது நீட்டியபடி இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முடித்தல்

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகும் அறையில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம், ஆகவே ஸ்லைடை இழுத்துப் பார்த்து, குழலைச் சாக்கை நோக்கி வைத்து விசையை ஒருமுறை அழுத்துங்கள். மேகசினில் உள்ள குண்டுகளை எடுத்துவிட்டு, ரப்பர் வறண்டுபோகாமலிருக்கச் சிறிதளவு கேஸை மட்டும் விட்டுவைக்கலாம். கார்பன் டை ஆக்சைடு குப்பியாக இருந்தால் முழுவதும் காலியாகும்வரை சுட்டுத் தீர்த்த பிறகே திருகைத் தளர்த்தி எடுக்க வேண்டும். வால்வில் இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, மேகசினைத் துப்பாக்கியிலிருந்து தனியாக, வெயில் படாத அலமாரியில் பூட்டி வையுங்கள்.