கேட்காமல் வந்த பிரௌசரை வெளியேற்றுவது எப்படி?

அக்காவின் லேப்டாப்பில் பிடிஎஃப் மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினோம். மறுநாள் குரோம் போலவே ஐகான் வைத்த வேறொரு பிரௌசர் உட்கார்ந்திருந்தது. 2015-இல் பரவிய ஈஃபாஸ்ட் என்ற போலி பிரௌசரும் இதே ரகம்தான். விளம்பரத் தொல்லையைக்கூடப் பொறுக்கலாம். நாம் தட்டும் ஒவ்வொரு தேடலும், வங்கிக் கடவுச்சொல்லும் அதன் வழியாகப் போவதுதான் பயம்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிப்படி வரிசைப்படுத்தி, அன்று கேட்காமல் வந்தவற்றை நீக்குங்கள். புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். எங்களுக்கு அங்கேதான் மிச்சம் ஒளிந்திருந்தது. டிஃபால்ட் பிரௌசரைத் திரும்ப மாற்றுங்கள். அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரில் முழு ஸ்கேன். கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்; அக்கா தன் போனில் மாற்றினார். இனி எதை நிறுவினாலும் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, கூடுதல் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.