அலையிலிருந்து மின்சாரம்: மிதவைக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி தன் சிமுலேஷன் வரைபடத்தைக் கொண்டுவந்தார். கடலில் மேலும் கீழும் ஆடும் மிதவை, அதோடு ஒரு ஜெனரேட்டர். புதிய கட்டுப்பாட்டு முறையில் மின்சாரம் நான்கு மடங்கு என்றார். எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் இதே படத்தோடுதான் அலைந்தேன். அலகு, குறி போன்ற பிழைகள் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விடுகிறேன்.

ஜெனரேட்டருக்கு இழப்பே இல்லை என்று வைத்துக்கொள்வது

எளிய முறையில் ஜெனரேட்டர் மிதவையின் வேகத்துக்கு ஏற்ப அதை எதிர்க்கும், அவ்வளவுதான். ஆனால் சின்ன மிதவையின் இயல்பான ஆட்டம் 3, 4 விநாடி. வரும் அலையோ 8, 10 விநாடி. இரண்டையும் ஒத்துப்போக வைக்க, ஒவ்வோர் அலையிலும் கொஞ்ச நேரம் ஜெனரேட்டரே மோட்டாராக மாறி மிதவையைத் தள்ள வேண்டும்.

ஓர் அலையில் 10 பங்கு வாங்கி, 8 பங்கு திருப்பிக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மிச்சம் 2. எளிய முறையில் அரைப் பங்குதான். நான்கு மடங்கு வந்துவிட்டதா? சரி, இப்போது இரு திசையிலும் 80 சதவீதத் திறன் என்று போடுங்கள். வாங்கிய 10-ல் 8 தான் வந்து சேரும். 8 கொடுக்க 10 செலவாகும். 2 லாபம் இருந்த இடத்தில் 2 நஷ்டம். எளிய முறையிலோ 0.4 கையில் நிற்கும்.

அலைத்தொட்டியில் என் மிதவை துள்ளித் துள்ளி ஆடியது. கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மீட்டரைப் பார்த்தேன். சராசரி மைனஸில் இருந்தது. மூன்று மாத உழைப்பு. "திறன் 100 சதவீதம் எனக் கொள்வோம்" என்ற வரியை எங்கே படித்தாலும் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கடைசி விடையை 0.8-ஆல் பெருக்கித் தப்பிக்கவும் முடியாது, அப்போதும் 1.6 என்று பொய்தான் சொல்லும். கட்டுப்பாட்டு விதியைத் தேடும் கணக்குக்குள்ளேயே இழப்பைப் போடுங்கள். எவ்வளவு தள்ளுவது லாபம் என்று அது தானே அடக்கிக்கொள்ளும்.

உச்சத்தைப் பார்த்தபின் பூட்டைத் திறப்பது

மிதவை நிற்கும் கணத்தில் அதைப் பூட்டிப் பிடித்து, நேரம் பார்த்து விடுவது நார்வே ஆய்வாளர்கள் புடாலும் ஃபால்னெஸும் வளர்த்த முறை. தள்ளுவதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அலையின் விசை உச்சத்தைத் தொடுவதற்கு, மிதவையின் இயல்பு ஆட்டத்தில் சுமார் கால் பங்கு நேரம் முன்பே விட்டாக வேண்டும். வரப்போகும் அலையைக் கணிக்காமல் இதைத் தொடாதீர்கள்.

சீரான அலையில் மட்டும் சோதிப்பது

கடலில் அப்படி ஓர் அலை வராது.

தண்டின் நீளத்தை மறப்பது

மிதவையை ஜெனரேட்டரோடு இணைக்கும் தண்டு 2 மீட்டர்தான் ஓடும் என்றால் சிமுலேஷனிலும் 2 மீட்டர்தான்.

அலை பெரிதானால் மின்சாரமும் கூடும் என்று நம்புவது

1991-ல் சென்னை ஐஐடி குழு கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அமைத்த 150 கிலோவாட் நிலையத்தில் மிதவை இல்லை. அலை தள்ளும் காற்று, எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே திசையில் சுழலும் வேல்ஸ் டர்பைனைச் சுழற்றியது. அந்த வகை டர்பைனில் காற்றின் வேகம் எல்லை மீறினால் இறக்கைகள் பிடிப்பை இழக்கும், மின்சாரம் சரியும். அப்புறம் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டால்தான் கூடுதலாகக் கிடைக்கும்.