கடல் கேக்: நீலம் பச்சையாவதிலிருந்து மணல் நமுத்துப் போவது வரை, தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு நான் செய்த கடல் கேக் பாசி பிடித்த குளத்தின் நிறத்தில் வந்தது. பசை மாதிரி கெட்டியாக இருக்கும் நீல ஜெல் கலரைத்தான் சேர்த்தேன். வெண்ணெய் கிரீமில் கலந்ததும் அது பச்சையாக மாறியது. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். கரும்பச்சையானது. மீதிக் கதையையும் சொல்கிறேன்: பிஸ்கட் தூளில் போட்ட மணல் மாலைக்குள் சேறாகிவிட்டது, ஃபாண்டன்டில், அதாவது பிசைந்த சர்க்கரை மாவில், செய்த மீன்களின் நிறம் கரைந்து வழிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக்குமாக நிறைய கடல் கேக்குகள் செய்துவிட்டேன். கெட்டுப்போனவற்றை யோசித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடலைக் காட்டும் மும்முரத்தில் கேக்கில் இருக்கிற உண்மையான ஈரத்தையும் சூட்டையும் மறந்துவிடுகிறோம். மணல் நமுப்பது, ஃபாண்டன்ட் வியர்ப்பது, சாக்லேட் கட்டி தட்டுவது, ஜெல்லி ஒழுகுவது எல்லாம் அந்த இரண்டின் வேலை. நிறம் மட்டும் வேறு கணக்கு. அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

நீலம் ஏன் பச்சையாகிறது?

வெண்ணெய் வெள்ளை இல்லை. மாடு மேய்ந்த புல்லில் இருந்த பீட்டா கரோட்டின் பால் கொழுப்பில் தங்கி, வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் தருகிறது. மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சைதான் வரும். இங்கே நடக்கும் தவறு, வெண்ணெயைப் போதிய நேரம் அடிக்காமல் கலரில் கை வைப்பது. விரல் வைத்தால் பதியும் அளவுக்கு மெத்தென்று இருக்கும் உப்பில்லாத வெண்ணெயை, ஐசிங் சுகர் சேர்க்கும் முன்பே, 7 முதல் 10 நிமிடம் பீட்டரில் அடியுங்கள். காற்று ஏற ஏற வெளுத்துக்கொண்டே வரும். அதன் பிறகும் மஞ்சள் சாயல் தெரிந்தால் பல்குச்சி நுனியில் ஊதா ஜெல் கலரைத் தொட்டு, அந்தத் துளியளவு மட்டும் கலக்குங்கள். ஊதா மஞ்சளுக்கு எதிர் நிறம் என்பதால் அதை அடக்கிவிடும். கொஞ்சம் கூடினாலும் கிரீம் சாம்பல் தட்டும், ஆகவே நுனியளவே போதும்.

கிரீமை வெளுக்க டைட்டானியம் டைஆக்சைடு கலந்த வெள்ளைக் கலர் சேர்ப்பவர்கள் உண்டு. உணவில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. பல நாடுகளில் இன்னும் அனுமதி இருக்கிறது. ஆனால் குழந்தைகள் சாப்பிடும் கேக், அடித்தாலே வெளுக்கிற வெண்ணெய், அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

தண்ணீர் மாதிரி இருக்கும் திரவக் கலர் இன்னொரு சிக்கல். ஆழமான நீலம் வர அதை ஸ்பூன் கணக்கில் ஊற்ற வேண்டியிருக்கும், கிரீம் இளகிப் போகும். ஜெல் கலரே நல்லது. அதிலும் வேண்டிய நிறம் உடனே வரவில்லை என்று மேலும் மேலும் சேர்க்காதீர்கள். சில மணி நேரம் வைத்திருந்தால் கிரீமில் நிறம் தானாகவே ஆழமாகும். முந்தின நாள் இரவே, நினைத்ததைவிட ஒரு படி வெளிர்நிறமாகக் கலந்து வைத்துவிடுங்கள். காலையில் சரியாக இருக்கும். கரு நீலத்துக்கு நிறைய கலர் வேண்டும், அது நாக்கில் கசக்கும். பல், உதடு, வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் ஒட்டும். மறுநாள் குழந்தையின் மலம் பச்சையாகப் போவதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவதும் உண்டு. அது கலரின் வேலை. விருந்துக்கு வரும் மற்ற பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடர்நீலத்தை அடியில் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். உண்மைக் கடலும் அப்படித்தான். சூரிய ஒளியில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது, நீலம்தான் ஆழம் வரை போகிறது, அதற்கும் கீழே இருட்டு. எனவே கேக்கின் அடியில் அடர்நீலம், நடுவில் நீலம், மேலே வெளிர்நீலம், உச்சியில் வெள்ளை நுரை. இதில் பலர் அடர்நீலத்தை முதலில் கலந்துவிட்டு, வெள்ளை கிரீம் சேர்த்து அதை வெளிறச் செய்யப் பார்ப்பார்கள். கிரீம் தீருமே தவிர நிறம் இறங்காது. வெள்ளையாகக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மீதி முழுவதையும் வெளிர்நீலமாக்கி, மூன்றாகப் பிரித்து, இரண்டில் மட்டும் கலரைக் கூட்டுங்கள். விப்பிங் கிரீம் என்றால், அது பாதி கெட்டியாகும்போதே கலரைச் சேர்த்துவிட வேண்டும். முழுதாக அடித்த பிறகு கலக்கினால் திரிதிரியாகிவிடும்.

செயற்கைக் கலர் வேண்டாம் என்பவர்களுக்குச் சங்குப்பூ நல்ல வழி. ஆனால் எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்பு பட்டால் அதன் நீலம் ஊதாவாக மாறிவிடும். ஸ்பைருலினா என்ற பாசியிலிருந்து எடுக்கும் நீலத் தூள் சூட்டில் வெளுத்துவிடும், அதைக் கிரீமில் சேர்க்கலாம், மாவில் சேர்த்து பேக் செய்யக் கூடாது.

அடியில் இருக்கும் கேக்

எல்லாரும் மேலலங்காரத்தையே நினைப்பதால் கேக்கில் கவனம் குறைகிறது. முதலில் டின் கணக்கு. 6 அங்குல டின்னுக்கான அளவை வைத்துக்கொண்டு 8 அங்குல டின்னில் ஊற்றினால், இரண்டு அங்குலம்தானே கூட என்று தோன்றும். பரப்பளவில் அது 28 சதுர அங்குலத்துக்கும் 50 சதுர அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம். மாவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேண்டும்.

அடுத்தது அவசரம். தொட்டால் ஆறியது போல இருக்கும் கேக்கின் நடுவில் சூடு தங்கியிருக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஆகவே அந்த மிச்சச் சூடே அலைகளைச் சரித்துவிடப் போதும். முந்தின நாளே பேக் செய்து, முழுதாக ஆறியதும் இறுக்கமாகச் சுற்றி வையுங்கள். மேட்டைச் சீவி மட்டமாக்கிவிட்டு, முதலில் மெல்லிய ஒரு பூச்சு கிரீம் பூசி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். இந்தப் பூச்சு துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் செய்யாமல் நீலக் கிரீமை நேராகப் பூசினால் பழுப்புத் துகள்கள் மேலே வந்து கடலைக் கலங்கடித்துவிடும்.

ஜெல்லிக் கடல்

கண்ணாடி மாதிரி உள்ளே மீன் தெரியும் ஜெல்லிக் கடல்தான் குழந்தைகளை வாய் பிளக்க வைப்பது. தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

ஜெலட்டின், அகர் அகர் இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. சைவ விருந்தினர்கள் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அதைக் குளிர்ந்த நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, சூடான நீரில் கரைக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. 7 கிராம் தூள் அரை லிட்டர் நீரை மெத்தென்றுதான் உறையவைக்கும். கேக்கில் வெட்டி எடுக்க அதில் ஒன்றரை மடங்கு தேவை. 30 டிகிரியைத் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும் என்பதால் வெயில் நாளில், திறந்த வெளி விருந்தில், கடல் மேசை மேலேயே ஓடத் தொடங்கிவிடும். அகர் அகர் கடல்பாசியிலிருந்து எடுப்பது. அதாவது கேக் மேல் இருக்கும் கடல் நிஜமாகவே கடலிலிருந்து வந்தது என்று குழந்தையிடம் சொல்லலாம், என் மகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இதை நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் கரையும். ஆறும்போது 40 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். வெயிலுக்கு இதுதான் தாங்கும்.

ஆனால் அகர் அகரை ஊற்றுவது சிரமம். உறையும் முன் ஊற்ற வேண்டுமென்றால் சூடாகத்தான் ஊற்ற முடியும், அந்தச் சூட்டில் வெண்ணெய் கிரீம் உருகிவிடும். கேக்கின் அதே அளவுள்ள வட்டத் தட்டில் தனியாக உறையவைத்து, அப்புறம் மெல்ல நகர்த்திக் கேக் மேல் வைத்துவிடுவதே எனக்குத் தெரிந்து பாதுகாப்பான வழி. ஜெலட்டின் என்றால் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, இன்னும் ஓடும் நிலையிலேயே, குளிர்ந்த கேக் மேல் ஊற்றலாம். விளிம்பில் கிரீமால் கரை கட்டி, எங்கேயும் ஓட்டை இல்லாமல் மேற்பரப்பை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஜெல்லி கேக்குக்குள் இறங்கிவிடும். முதலில் மெல்லிய ஓர் அடுக்காக ஊற்றி உறையவிட்டுப் பிறகு மீதியை ஊற்றினால் அந்தப் பயம் இல்லை.

கடலுக்குள் பழத்துண்டுகளைப் போடும் ஆசை வந்தால் அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றையும் பச்சையாக ஜெலட்டினில் போடாதீர்கள். புரதத்தை அறுக்கும் நொதிகள் அவற்றில் இருக்கின்றன, ஜெலட்டின் புரதம், ஆகவே எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாது. வேகவைத்ததோ டின்னில் அடைத்ததோ என்றால் பிரச்சினை இல்லை.

மணல், மீன், திமிங்கிலம்

மணலுக்குப் பிஸ்கட் தூள் நல்லதுதான், ஆனால் அதை முந்தின நாள் தூவுவது தவறு. கிரீமின் ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். நாட்டுச் சர்க்கரை இன்னும் மோசம், கரைந்தே போகும். விருந்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பு தூவினால் போதும்.

ஃபாண்டன்ட் உருவங்களை நேர்மாறாக, மூன்று நாள் முன்பே செய்து திறந்த காற்றில் உலரவிட வேண்டும். அன்றைக்கே செய்த ஆக்டோபஸ் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். அவற்றை ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் குளிர்ந்த சர்க்கரை மேல் துளியாகப் படிந்து, நிறம் கரைந்து ஓடும். கேக் மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், உருவங்களைக் கடைசியில் வையுங்கள். உருவங்களை நிற்க வைக்க அவற்றின் உள்ளே பல்குச்சி செருகாதீர்கள், குழந்தை கடித்துவிடும். வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டு அதே வேலையைச் செய்யும், வாயில் போனாலும் ஆபத்து குறைவு.

சிப்பிகளுக்கு வெள்ளைச் சாக்லேட் போதும். அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் உருக்கிய சாக்லேட் கட்டி தட்டிப் போகும். ஜெல் கலரிலும் தண்ணீர் உண்டு, ஆகவே சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய்க் கலரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கடல் உயிர்களில் பைத்தியமாக இருக்கும் குழந்தைகள் தப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்களுக்காகவாவது சரியாகச் செய்ய வேண்டும். மீனுக்கும் சுறாவுக்கும் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அசையும். ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள். எல்லா உயிரையும் ஒரே கேக்கில் அடைக்கவும் தேவையில்லை. குழந்தைக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பெரிதாகச் செய்யுங்கள், மீதி இடத்தில் அலை இருக்கட்டும்.

வாயில் போகக் கூடாதவை

இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தண்ணீர் மின்னுவது போலக் காட்டக் கிளிட்டர், பளபளப்புத் தூள் வாங்குகிறோம். டப்பாவில் நச்சற்றது என்று எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் இதைப் பற்றியே எச்சரித்தது. அப்படிப்பட்ட சில தூள்களில் ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் இருந்து, அவற்றைப் போட்ட கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் நோய்ப்பட்டிருக்கிறார்கள். உண்ணத்தக்கது என்ற சொல்லும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கேக்கில் வைக்க வேண்டாம். முத்துக்குப் போடும் கெட்டியான சர்க்கரை உருண்டைகள் நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை. முழுத் திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நான்காக வெட்டினால் கொடுக்கலாம். பிளாஸ்டிக் பொம்மை வைப்பதென்றால் சோப்புப் போட்டுக் கழுவி, கழன்று வரும் சின்னப் பாகம் ஏதும் இல்லையா என்று இழுத்துப் பார்த்து வையுங்கள்.

விப்பிங் கிரீம் கேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெண்ணெய் கிரீமுக்கு நேர் எதிர்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மெழுகு மாதிரி இருக்கும், வெட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்தால்தான் சுவை தெரியும். காரில் கொண்டு போவதென்றால் மடியிலோ சாய்ந்த இருக்கையிலோ வேண்டாம், கால் வைக்கும் தரை மட்டமாக இருக்கும், அங்கே வையுங்கள்.

வெட்டும்போது இன்னொன்று. அந்தப் பெரிய ஆமையையோ திமிங்கிலத்தையோ கத்தி வைக்கும் முன்பே முழுதாகத் தூக்கி ஒரு தட்டில் வைத்து, பிறந்தநாள் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று நாளாக அது உலர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, அது இரண்டாக வெட்டுப்படுவதைப் பார்த்தால் அழுதுவிடும்.