ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றும் முன் பழைய டயரைப் படியுங்கள்

எந்த டயர் வாங்கலாம் என்று தேட உட்காரும் முன், ஓடிக்கொண்டிருக்கும் டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது வெளித்தோள் (தரையைத் தொடும் பகுதியின் வெளி ஓரம்) மட்டுமே கண்ணில் படும். ஸ்போர்ட்ஸ் காரில் தேய்மானம் பெரும்பாலும் உள்தோளில் ஒளிந்திருக்கும். வெளியே 4 மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) இருக்க, உள்ளே கம்பி எட்டிப்பார்க்கும் டயர்கள் அபூர்வமல்ல.

பலரும் இந்தப் பழியைக் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், மேல் போடுவார்கள். அதற்கும் பங்கு உண்டு; ஆனால் ரப்பரை அரைத்துத் தள்ளுவது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் கோணலாக இழுபட்டால் ஒவ்வொரு மீட்டரிலும் டயர் தரையில் உரசும். உள்ளங்கையால் பட்டன்களைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் என்றால் டோ கெட்டிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு தோள்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. சுற்றிலும் ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் சோதியுங்கள். இதைச் சரிசெய்யாமல் மாட்டினால், எவ்வளவு விலை கொடுத்த டயரும் அதே இடத்தில் அதே மாதிரிதான் தேயும்.

எண்களில் கை வைக்கும் முன்

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் 245/40 இசட்ஆர்18 97ஒய் என்பதை எடுத்துக்கொள்வோம். அகலம் 245 மி.மீ.; பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. 18 அங்குல ரிம் 457.2 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 653.2 மி.மீ. ரிம்மை 19 அங்குலமாக மாற்றினால் 245/35 போட வேண்டும், விட்டம் 654.1 மி.மீ. வரும், பழசோடு கிட்டத்தட்ட ஒன்று. 245/40ஐயே 19 அங்குலத்தில் போட்டால் 678.6 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், முழுதாகத் திருப்பும்போது வீல் ஆர்ச்சில் உரசலாம்.

முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு உள்ள கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்-பின் விட்டங்களின் விகிதத்தை வைத்துத்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) சக்கரம் வழுக்குகிறதா என்று கணக்கிடுகிறது. பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு கெடும்.

அகலத்தை ஒரேயடியாகக் கூட்டுவதும் லாபமில்லை. 245/40 18க்கு ஏற்ற ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. குறுகிய ரிம்மில் அகல டயரைப் பிதுக்கி ஏற்றினால் பக்கச்சுவர் புடைத்து நிற்கும். வளைவில் டயர் ஒரு பக்கம் சாய்ந்து மடங்கும், ஸ்டியரிங் மந்தமாகும். பெரும்பாலும் சற்றே குறுகிய டயரும் சரியான ரிம்மும் சேர்ந்த ஜோடியே வேகமாக இருக்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. விரியும் என்பதையும் இடைவெளி அளக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே 245 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான அகலம் மாறும்.

97 என்பது சுமை எண்: ஒரு டயர் 730 கிலோ தாங்கும். எழுத்து உச்ச வேகத்துக்கு, மணிக்கு: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. அடைப்புக்குறிக்குள் ஒய் இருந்தால் 300க்கும் மேல். இசட்ஆர் என்பதற்கு 240க்கு மேல் என்று மட்டுமே பொருள். சுமை எண், வேக எழுத்து இரண்டிலும் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள். “நான் அந்த வேகத்தில் போவதே இல்லையே” என்ற வாதம் சுமை எண்ணுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

எந்த ரகம்?

பிராண்ட் சண்டையை ஒதுக்கிவிட்டு முதலில் கேட்க வேண்டியது: கார் ஓடும்போது தரை எவ்வளவு சூடாக இருக்கும்? சம்மர் ரக ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைநிலையை ஒட்டிய குளிரில் பட்டன்களில் விரிசல்கூட விழலாம். அதனால்தான் அந்தக் குளிரில் வண்டியை நகர்த்தவே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். வருடம் முழுக்க வெயில் உள்ள இடத்தில் ஆல் சீசன் டயர் போடுவது இதற்கு நேர்மாறான தவறு. அதன் பட்டன்களில் நுண்ணிய வெட்டுகள் அதிகம். நீளமான வளைவில் சூடேறியதும் அவை நெளியும், பிடி தளரும்.

அடுத்து டிராக் (பந்தயப் பாதை) ரக டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவற்றைச் சாலையிலும் ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் அவை வேலை செய்யச் சூடு வேண்டும், அந்தச் சூடு சாதாரண ஓட்டத்தில் வராது. காலையில் கிளம்பியவுடன் வரும் முதல் திருப்பத்தில் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் மாதிரியான சாலை ரக சம்மர் டயருக்கு அவை ஈடாகாது. தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய மழைநீரில் சீக்கிரம் மிதக்கும். சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி ரப்பர் இறுகிவிடும். பட்டன் மிச்சமிருக்கும், பிடி போயிருக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை டிராக் போகிறவர் அதற்கென்று தனி ரிம்மில் ஒரு செட் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற எல்லோருக்கும் சாலை ரக சம்மர் டயரே போதும், போதுமென்ன, அதுதான் சரி.

பக்கச்சுவரில் ‘டிரெட்வேர்’ என்று 200, 300 போன்ற எண் இருக்கும். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு உழைக்கும், மூன்று மடங்கு உழைக்கும் என்று அர்த்தம். ஆனால் சோதித்து எண் கொடுப்பது தயாரிப்பாளரே. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் இதை நம்புங்கள். பக்கத்தில் உள்ள ‘டிராக்ஷன் ஏஏ’வும் அப்படித்தான்: ஈரத் தரையில், சக்கரம் பூட்டிய நிலையில், நேர்கோட்டில் உள்ள பிடியைத்தான் அது அளக்கிறது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இரண்டா, நான்கா?

பின் சக்கரத்தால் ஓடும் காரில் பின் ஜோடி முதலில் போய்விடும். இரண்டு மட்டும் மாற்றலாம். ஆனால் முன்னால் இருக்கும் அதே கம்பெனி, அதே மாடல். பின்னால் தேய்ந்ததும் முன்னால் புதியதுமாக ஓட்டினால் மழையில் பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். சட்டப்படிக் குறைந்தபட்ச ஆழம் பல நாடுகளில் 1.6 மி.மீ. என்றாலும் அகல டயர் 3 மி.மீ. வந்ததுமே ஈரத்தில் நம்ப முடியாததாகிவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் விதி இன்னும் கறார். ஆழத்தில் 1 மி.மீ. வித்தியாசம் சுற்றளவில் 6.3 மி.மீ. வித்தியாசம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வேறுபாட்டை, முன்-பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியலோ கிளட்சோ தாங்க வேண்டும், சூடாகித் தேயும். எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்பது கார் கையேட்டில் இருக்கும். மூன்று டயர் பாதி தேய்ந்திருக்க ஒன்று பங்க்சரில் போனால், பெரும்பாலும் நான்கையும் மாற்ற வேண்டிவரும்.

போர்ஷேக்கு என்0, என்1, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்று சில டயர்களில் குறி இருக்கும். அந்தக் காருக்கென்று கம்பெனி சோதித்து ஏற்ற வடிவம் அது. பெயர் ஒன்றாக இருந்தாலும் குறியில்லாத டயர் உள்ளே வேறாக இருக்கலாம். குறியுள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள். ரன்பிளாட்டிலிருந்து (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) சாதா டயருக்கு மாறினால் வண்டி மென்மையாகும். அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது என்பதால் சீலன்ட்டும் காற்றடிக்கும் கருவியும் டிக்கியில் இருக்கட்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; அது டயர் தயாரான தேதி. 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். ஒழுங்காக வைத்திருந்த ஒரு வருட டயரைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஆக்சிலில் போகும் இரண்டும் ஒரே காலத்தவையாக இருக்கட்டும்.

மெல்லிய பக்கச்சுவரை இரும்பு லீவரால் நெம்பினால் ரிம்மும் கீறும், பீடும் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) கிழியும். லீவர் இல்லாத மெஷினில் மாட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் வெளிப்பக்கம் என்று எழுதியிருப்பது வெளியே வர வேண்டும். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையோடு ஒத்துப்போக வேண்டும். காற்றழுத்த சென்சார் இருந்தால் வால்வின் ரப்பர் சீலையும் உள் ஊசியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஹப் முகத்தில் துரு இருந்தால் தேய்த்து எடுத்த பிறகே சக்கரத்தை வையுங்கள். இல்லையென்றால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள். பிறகு அலைன்மென்ட், டோ அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு தேய்ந்து போக வேண்டும். காற்றைக் குளிர்ந்த டயரில், கதவோரத் தகட்டில் உள்ளபடி வையுங்கள். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். ஓடி வந்த சூட்டில் அளவு கூடித் தெரிகிறதென்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் நான்கு டயரும் குறைந்த காற்றோடு கிளம்பும்.