ஸ்னாப்ஷாட்டை அழித்தும் இடம் வரவில்லையா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லின் பேக்கப் சர்வர். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் (btrfs) ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் பழைய ஸ்னாப்ஷாட்களை, அதாவது அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்துவைத்த பிரதிகளை, அழித்தேன். கட்டளை நொடியில் முடிந்தது, காலி இடம் மட்டும் கூடவில்லை. மதகைத் திறந்ததும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா என்ன? அழிக்கும் வேலையை கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) கிளீனர் பின்னணியில்தான் செய்கிறது. ‘சப்வால்யூம் லிஸ்ட்’ கட்டளையோடு ‘மைனஸ் டி’ (-d) சேர்த்தால் இன்னும் அழிய வேண்டிய பாக்கி தெரியும்.

அப்புறம், எந்த வேலை சிபியுவைத் தின்கிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையைப் பாருங்கள். சிபியு கொதிக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் கோட்டா மேல்தான், அதாவது இட வரம்புக் கணக்கின் மேல். எந்த ஸ்னாப்ஷாட் கணக்கில் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கும். வரம்பு தேவையில்லையென்றால் ‘கோட்டா டிசேபிள்’ கொடுத்துவிடலாம். டிஸ்க்கே திணறினால், பேக்கப் ஓடாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழியுங்கள். ரீபூட் செய்து பயனில்லை. டிஸ்க் மறுபடி மவுண்ட் ஆனதும் (இணைந்ததும்) மிச்ச வேலை தொடரும்.